பனி ஊருக்குப் புறப்படும் குமரிப் பிள்ளைகளுக்கு: காசுக்கேற்ற கதகதப்பான பூட்ஸ் வாங்குவது எப்படி?

ஆகஸ்ட் பிறந்தாலும் சரி, கிறிஸ்துமஸ் முடிந்தாலும் சரி, தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் எங்காவது ஒரு வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். நர்சிங் முடித்த பிள்ளை, கல்லூரியில் இடம் கிடைத்த பையன், மனைவி வேலை பார்க்கும் ஊருக்குக் குழந்தையோடு போகிற கணவன் என்று யாராவது கனடாவுக்குக் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். வின்னிபெக்கில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவள் என்பதால் என்னிடம் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, பனி ஷூ இங்கயே வாங்கிட்டுப் போகட்டா?" பக்கத்தில் நிற்கும் அம்மா அதற்குள் சொல்லிவிடுவார்: "பிள்ளைக்கு காலுக்கு ஒண்ணும் ஆயிரப்பிடாது. எவ்வளவு ஆனாலும் நல்லதா ஒண்ணு எடுத்துக் கொடுத்திருவோம்."

அந்தக் கவலை நியாயமானது. மார்கழிக் காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக இறங்காத கடலோர மாவட்டத்திலிருந்து, ஜனவரி இரவுகள் மைனஸ் 20-ஐ ஒட்டியே இருக்கும் ஊருக்குப் போகிறார்கள். ஆனாலும் பூட்ஸை இங்கே வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கனமான ஒரு ஜோடி இரண்டு கிலோவைத் தொடும். 23 கிலோ பெட்டியில் அது பெரிய இடம். அதைவிட முக்கியம், நம் நாட்டுக் கடைகளில் பனி பூட்ஸ் என்று கிடைப்பவை பெரும்பாலும் மணாலிக்கு நாலு நாள் சுற்றுலா போகிறவர்களை மனதில் வைத்தவை. ஐந்து மாதம் தினமும் போட்டு, உப்புத் தண்ணீரில் நடந்து, பஸ்ஸுக்கு நிற்க அவை தாங்காது. அங்கேயோ அது அன்றாடப் பொருள். நல்லதும் கிடைக்கும், மலிவாகவும் கிடைக்கும், சரியில்லை என்றால் திருப்பியும் கொடுக்கலாம்.

பூட்ஸின் விலையோ, மைனஸ் இத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பெட்டியில் அச்சடித்த எண்ணோ காலைக் காப்பாற்றாது. கால் நனையாமல் இருக்க வேண்டும், உள்ளே இறுகாமல் இருக்க வேண்டும், பாதத்துக்கும் உறைந்த தரைக்கும் நடுவில் தடிமனாக ஏதாவது இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் 80 டாலர் பூட்ஸ் போதும். இதில் ஒன்று தவறினாலும் 300 டாலர் பூட்ஸுக்குள்ளேயும் விரல் மரத்துப்போகும். கீழே சொல்லும் எல்லாம் இதை ஒட்டித்தான்.

முதலில், போகிற ஊர் எப்படிப்பட்ட குளிர் என்று பாருங்கள்

கனடா என்றாலே ஒரே குளிர் இல்லை. வான்கூவரில் குளிர்காலம் பெரும்பாலும் மழைதான். நம் ஐப்பசி மழையை 5 டிகிரியில் வைத்தால் அதுதான். டொரண்டோவில் ஜனவரி இரவு மைனஸ் 7-ஐ ஒட்டி இருக்கும், இடையிடையே கடுங்குளிர் அலை வரும். மாண்ட்ரியல் அதைவிட மோசம், மைனஸ் 14 வரை சாதாரணம். வின்னிபெக், சாஸ்கடூன், எட்மண்டன் ஆகியவைதான் உண்மையான கடுங்குளிர் ஊர்கள். அங்கே மைனஸ் 30-ஐப் பார்க்காமல் ஒரு குளிர்காலம் போவது அரிது.

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மைனஸ் 25-இல் பனி உலர்ந்திருக்கும். பூட்ஸில் ஒட்டினால் தட்டிவிட்டால் போய்விடும், துணியை நனைக்காது. அந்தக் குளிருக்குத் தேவை தடிமன். ஆனால் வெப்பநிலை பூஜ்யத்தைச் சுற்றி ஏறி இறங்கும்போது பனி பாதி உருகி, சாலையில் தூவிய உப்போடு கலந்து, சாம்பல் நிறக் குழம்பாகக் கிடக்கும். அங்குள்ளவர்கள் அதை ஸ்லஷ் என்பார்கள். தெரு முனையில் நடைபாதையிலிருந்து இறங்கும் இடத்தில் அது கணுக்கால் ஆழம்கூடத் தேங்கி நிற்கும். மேலே பனி மாதிரி தெரியும், கால் வைத்தால் உள்ளே தண்ணீர். அந்தத் தண்ணீர் ஒரு தடவை பூட்ஸுக்குள் போய்விட்டால் அன்றைய நாள் முடிந்தது, ஏனென்றால் நனைந்த உள்பஞ்சு சூட்டைச் சரியாகப் பிடித்து வைக்காது. டொரண்டோ, ஹாலிஃபாக்ஸ் போகிறவர்களுக்கு இந்த ஈரக் குளிர்தான் முதல் எதிரி. அவர்கள் தடிமனைவிட நீர்புகாத அடிப்பாகத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். வின்னிபெக் போகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், ஏனென்றால் நவம்பரிலும் மார்ச் கடைசியிலும் அங்கேயும் இதே குழம்புதான்.

ஜெர்மனிக்கு நர்சிங் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இப்போது அதிகம். அவர்களுக்கு மைனஸ் 40 பூட்ஸ் வீண் செலவு. நீர்புகாத, லேசான உள்பஞ்சு வைத்த ஒரு ஜோடி போதும். டைக்மன் மாதிரியான கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கும்.

வீட்டிலேயே பாதத்தை அளந்துகொள்ளுங்கள்

இதை ஊரிலேயே செய்துவிடலாம். சாயங்காலமாகச் செய்யுங்கள், பகல் முழுக்க நின்று நடந்ததில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். சுவரோரம் தரையில் ஒரு வெள்ளைத்தாளைப் போட்டு, குதிகால் சுவரைத் தொடும்படி எடையை ஊன்றி நில்லுங்கள். வீட்டில் யாராவது பென்சிலை நேராகப் பிடித்து, நீளமான விரலின் நுனியில் கோடு போடட்டும். அப்புறம் பாதத்தின் அகலமான இடத்தில் இரண்டு பக்கமும் கோடு. இரண்டு காலுக்கும் செய்யுங்கள், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது சகஜம். பெரியதை வைத்துத்தான் வாங்க வேண்டும். சென்டிமீட்டரில் அளந்து செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். அளவு எண்கள் நாட்டுக்கு நாடு மாறும், சென்டிமீட்டர் மாறாது.

நம் ஊர்ச் செருப்பில் போட்டிருக்கும் எண் யூகே அளவு. கனடாவில் அமெரிக்க அளவு. ஆண்களுக்குத் தோராயமாக ஒன்று கூட்டவேண்டும்: இங்கே 8 என்றால் அங்கே 9. பெண்களுக்கு இரண்டு: இங்கே 5 என்றால் அங்கே 7. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வேறுபடும் என்பதால் கடைசி முடிவு காலில் போட்டுப் பார்த்துத்தான்.

அகலத்தை ஏன் அளக்கச் சொல்கிறேன் என்றால், சின்ன வயதிலிருந்து செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த நம் ஆட்களில் பலருக்கு முன்பாதம் விரிந்திருக்கும். சாதாரண அகல பூட்ஸில் சுண்டுவிரல் நெரியும். நெரிந்தால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத விரல்தான் முதலில் உறையும். கடையில் 'வைட்' அல்லது 'டபுள் ஈ' என்று கேட்டால் அகலமான வார்ப்பில் செய்ததை எடுத்துக் காட்டுவார்கள்.

பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது

நல்ல ஸ்போர்ட்ஸ் ஷூ ஒரு ஜோடி கட்டாயம். அங்கே கட்டிடங்களுக்குள் 20 டிகிரிக்கு மேல் சூடு வைத்திருப்பார்கள். வகுப்பிலோ வேலையிலோ பனி பூட்ஸோடு முழுநாளும் உட்கார முடியாது; கால் வேர்த்துவிடும், வேர்வையோடு வெளியே வந்தால் குளிரும். பூட்ஸில் போய், உள்ளே ஷூ மாற்றுவதுதான் அங்குள்ள வழக்கம். வீட்டுக்குள் போட ஒரு ஜோடி செருப்பும் வையுங்கள். நம்மைப் போலவே கனடாக்காரர்களும் காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நடப்பார்கள்.

அப்பாவோ மாமாவோ கல்ஃபிலிருந்து கொண்டுவந்த சேஃப்டி ஷூ பல வீடுகளில் புதுசு மாதிரி இருக்கும். "இது நல்ல கனம், இதையே கொண்டு போ" என்பார்கள். வேண்டாம். முனையில் இருக்கும் இரும்பு குளிரை நேராக விரலுக்குக் கடத்தும். உள்ளே சூட்டைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. அங்கே கிடங்கில் வேலை கிடைத்தாலும் இது பயன்படாது, ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் கனடாவின் சிஎஸ்ஏ முத்திரை, பச்சை முக்கோணம், பூட்ஸில் இருந்தே ஆகவேண்டும் என்பார்கள். அந்த வேலைக்கு வாங்கும்போது இரும்பு அல்லாத கலவைப் பொருளில் முனை செய்த குளிர்கால பூட்ஸாகப் பார்த்து வாங்குங்கள்.

ரப்பர் தோட்டத்தில் போடும் கம் பூட்ஸும் அப்படித்தான். தண்ணீர் புகாது, சரி. ஆனால் வேர்வையும் வெளியே போகாது, பிளாஸ்டிக் கலந்தவை மைனஸில் விறைத்து வழுக்கும்.

ஜனவரியில் போய் இறங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல்: விமான நிலையத்தை விட்டு வெளியே வரும்போதே பனி. அழைக்க வருகிறவரிடம் உங்கள் அளவைச் சொல்லி, ஒரு பழைய ஜோடியைக் காரில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் ஸ்போர்ட்ஸ் ஷூவும் தடிமனான சாக்ஸுமாகப் போய், காரிலிருந்து வீடு, வீட்டிலிருந்து கடை என்று முதல் நாளிலேயே பூட்ஸ் வாங்கிவிடுங்கள். நடந்து ஊர் பார்ப்பதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்களுக்கு அவசரம் இல்லை. அக்டோபர் நடுவில் கையில் இருந்தால் போதும்.

கடையில் ஒரு பூட்ஸைக் கையில் எடுத்தால் எதைப் பார்ப்பது

வெளியிலிருந்து தொடங்குங்கள். கீழ்ப்பாதி, அதாவது கணுக்கால் வரை, ஒரே வார்ப்பான ரப்பராக இருந்தால் ஸ்லஷ் உள்ளே வராது. மேல்பாதி தோல் அல்லது நைலான். இந்த அமைப்பைத்தான் பாக் பூட்ஸ் என்பார்கள். சோரல், கமிக், பாஃபின் மூன்றும் கனடாவில் பிறந்த பெயர்கள். மூன்றுமே இந்த வகையை நெடுங்காலமாகச் செய்கின்றன. உயரம் கணுக்காலுக்கு மேலே நாலு விரலாவது போகவேண்டும். குட்டையாக இருந்தால் புதுப்பனியில் கால் வைத்ததும் மேல்வழியாகப் பனி உள்ளே விழும்.

அடுத்து உள்ளே கைவிட்டுப் பாருங்கள். தடிமனான ஃபெல்ட் (அழுத்திய கம்பளி மாதிரியான துணி) உறை ஒன்று தனியாகக் கழன்று வருகிறதா? அதுதான் லைனர். கழற்ற முடிந்தால் அதையே வாங்கச் சொல்வேன். ராத்திரி வெளியே எடுத்து உலர்த்தலாம், தேய்ந்துபோனால் லைனரை மட்டும் புதிதாக வாங்கலாம், பூட்ஸ் இன்னும் சில வருடம் ஓடும். கழற்ற முடியாத வகையில் தின்சுலேட் மாதிரியான பஞ்சு உள்ளே தைத்திருப்பார்கள். அதில் 200 கிராம், 400 கிராம், 800 கிராம் என்று போட்டிருக்கும். அது பூட்ஸின் எடை அல்ல. ஒரு சதுர மீட்டர் பஞ்சு எவ்வளவு கனம் என்ற கணக்கு. 200 நடந்துகொண்டே இருப்பவருக்கு மிதமான குளிரில் போதும். வின்னிபெக் பஸ் ஸ்டாப்பில் அசையாமல் நிற்க 400-க்குக் கீழே பார்க்காதீர்கள்.

கடைசியாக அடிப்பாகம். குளிர் காற்றிலிருந்து வருவதைவிட அதிகமாகத் தரையிலிருந்து ஏறும். சோல் மெல்லிசாக இருந்தால் மேலே எத்தனை பஞ்சு வைத்தும் பிரயோசனமில்லை. குறைந்தது ஒரு விரல்கிடை தடிமன் இருக்கட்டும், உள்ளே பாதத்துக்கு அடியில் விரித்திருக்கும் இன்சோலும் கழன்று வரட்டும். அதற்குப் பதில் பத்து, பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் ஃபெல்ட் இன்சோலையோ ஆட்டுத்தோல் இன்சோலையோ போட்டால், மலிவான பூட்ஸும் ஒரு படி மேலே போய்விடும். குறைந்த காசில் அதிகப் பலன் தருவது இதுதான்.

மைனஸ் 32, மைனஸ் 40 என்று அட்டையில் போட்டிருப்பதை எவ்வளவு நம்பலாம்? எல்லா கம்பெனிக்கும் பொதுவான ஒரு சோதனை முறை இல்லை. ஒரு கம்பெனியின் மைனஸ் 32 இன்னொன்றின் மைனஸ் 40-ஐவிடக் கதகதப்பாக இருக்கக்கூடும். அதோடு, அந்த எண் பெரும்பாலும் நீங்கள் நடந்துகொண்டிருக்கிறீர்கள் என்ற கணக்கில் சொல்வது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். நின்று காத்திருக்கும் வேலை என்றால் ஊரின் குளிரைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கீழே போட்டிருப்பதைப் பாருங்கள்.

வழுக்கல்

கதகதப்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், வழுக்கலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம். மணிக்கட்டு முறிந்தால் வேலையும் போச்சு, படிப்பும் போச்சு.

டொரண்டோவில் உள்ள கைட் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கென்றே ஒரு ஆய்வகம் வைத்திருக்கிறார்கள். தரை முழுக்க உண்மையான ஐஸ். பாதுகாப்புக் கயிறு மாட்டிய ஆட்கள் பூட்ஸ் போட்டு அதில் நடப்பார்கள், தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போவார்கள். 7 டிகிரி சாய்வு வரை வழுக்காமல் நின்றால் ஒரு பனித்துகள் (ஸ்னோஃப்ளேக்) முத்திரை, 11 டிகிரிக்கு இரண்டு, 15 டிகிரிக்கு மூன்று. 2016-இல் முதல் முடிவுகளை வெளியிட்டபோது, சோதித்த 98 வகை பூட்ஸில் 9 மட்டுமே அந்தக் குறைந்தபட்ச 7 டிகிரியைத் தாண்டின. முடிவுகளை 'ரேட் மை ட்ரெட்ஸ்' என்ற இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் மாடல் பெயரைப் போட்டுத் தேடிவிடுங்கள். சோலில் 'ஆர்க்டிக் கிரிப்', 'கிரீன் டைமண்ட்' என்ற பெயர்களைப் பார்த்தால் அவை ஐஸுக்கென்றே செய்த சோல்கள்.

கடையில் உங்கள் கையாலேயே ஒரு சோதனை செய்யலாம். கட்டைவிரல் நகத்தால் சோலை அழுத்துங்கள். நகம் கொஞ்சமாவது பதிந்தால் மென்மையான ரப்பர். குளிரிலும் தரையைப் பிடிக்க வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாக இருந்தால் மைனஸ் 20-இல் இன்னும் கெட்டியாகும்.

நல்ல பூட்ஸ் போட்டாலும் நடையை மாற்றியே ஆகவேண்டும். பாசி பிடித்த குளப்படியில் எப்படி இறங்குவோமோ அப்படி: சின்ன அடி, பாதம் முழுக்கப் பதியவேண்டும், கை பாக்கெட்டுக்குள் இருக்கக்கூடாது. ஷூவின் மேல் மாட்டும் முள் வைத்த ரப்பர் பட்டைகள் இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கும். மோசமான நாட்களுக்கு நல்ல துணை. கட்டிடத்துக்குள் நுழையும்போது மட்டும் கழற்றிவிடுங்கள், டைல்ஸ் தரையில் அந்த முள்ளே வழுக்கும்.

போட்டுப் பார்ப்பதற்கு நேரம் எடுங்கள்

கடைக்குப் போகும்போது குளிர்காலத்தில் போடப்போகிற அதே தடித்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள், சாயங்காலமாகப் போங்கள். பூட்ஸை மாட்டி, நாடாவைக் கட்டாமல் விரலை முன்னால் இடிக்கும்வரை தள்ளுங்கள். இப்போது குதிகாலுக்குப் பின்னால் உங்கள் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். அப்புறம் நாடாவைக் கட்டி, உள்ளே பத்து விரலையும் மடக்கி நீட்டிப் பாருங்கள். தாராளமாக அசைய வேண்டும். சூட்டைப் பிடித்து வைப்பது உள்ளே அசையாமல் நிற்கும் காற்றுதான். பூட்ஸ் இறுகினால் பஞ்சு நசுங்கி அந்தக் காற்று போய்விடும். வழக்கமான அளவைவிட அரை அளவு, சிலருக்கு ஒரு முழு அளவு பெரிதாக வாங்க வேண்டியிருக்கும். அதற்காகக் குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்குகிற அளவுக்குப் பெரிதாகப் போகவேண்டாம். நடக்கும்போது உரசிக் கொப்புளம் வரும், காற்றும் வெளியே பம்ப் ஆகும்.

வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்து, வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் போட்டு நடந்து பாருங்கள். வெளியே போட்டு உப்புக்கறை பட்டுவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

எங்கே, எப்போது, என்ன விலை

புதுசு என்றால் மார்க்ஸ், கனடியன் டயர், வால்மார்ட், காஸ்ட்கோ, வின்னர்ஸ், ஜயன்ட் டைகர். மார்க்ஸின் சொந்த பிராண்டான விண்ட்ரிவரைப் பாருங்கள். பெரிய பெயர்களைவிடக் குறைந்த விலையில் நல்ல பிடிமானமுள்ள மாடல்கள் அதில் உண்டு. தள்ளுபடி நவம்பர் கடைசியில் பிளாக் ஃப்ரைடே, டிசம்பர் 26-இல் பாக்ஸிங் டே, அப்புறம் பிப்ரவரி, மார்ச்சில் கடையைக் காலி செய்யும் விற்பனை. கடைசியாகச் சொன்னதில்தான் விலை அதிகம் இறங்கும். ஆனால் நடு அளவுகள் தீர்ந்து, மிகப் பெரியதும் மிகச் சிறியதும்தான் மிஞ்சும். சின்ன பாதம் உள்ள பெண்களுக்கு அது நல்ல காலம்.

பெண்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பெண்கள் அளவு 7 என்பது பையன்கள் அளவில் ஏறக்குறைய 5. பையன்கள் பிரிவில் அதே கமிக் பூட்ஸ், அதே ஃபெல்ட் லைனரோடு, கணிசமாக விலை குறைவு. ஒன்டாரியோவில் 6 அளவு வரை குழந்தைகள் காலணிக்கு மாகாண வரியும் கிடையாது. அங்கே விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது என்பதை எல்லோரும் நினைவில் வையுங்கள். ஆல்பர்ட்டாவில் 5 சதவீதம், மானிட்டோபாவில் 12, ஒன்டாரியோவில் 13 பில் போடும்போது ஏறும். 100 டாலர் பூட்ஸ் என்று கையில் 100 வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பழைய பூட்ஸ் வாங்குவதில் ஒரு குறைச்சலும் இல்லை. அங்கே படித்தவரும் வேலை செய்பவரும் எல்லோரும்தான் வாங்குகிறார்கள். வேல்யூ வில்லேஜ் பெரிய சங்கிலிக் கடை. நாகர்கோவிலில் கேதரின் பூத் ஆஸ்பத்திரி நடத்துகிற அதே இரட்சணிய சேனை கனடா முழுக்கப் பழைய பொருள் கடைகள் வைத்திருக்கிறது. வின்னிபெக்கில் மெனனைட் கிறிஸ்தவ அமைப்பான எம்சிசியின் பழைய பொருள் கடைகளும் உண்டு. செப்டம்பரிலேயே போங்கள்; முதல் பனி விழுந்த வாரம் போனால் அலமாரி காலி.

பழைய ஜோடியை எடுத்தால் அவசரப்படாதீர்கள். லைனரை வெளியே இழுத்து, குதிகால் பகுதியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊடே வெளிச்சம் தெரிந்தால் ஃபெல்ட் தேய்ந்திருக்கிறது; லைனருக்கு முப்பது, நாற்பது டாலர் தனியாக ஆகும் என்று கணக்குப் போடுங்கள். அடுத்து பூட்ஸை விரல் மடங்கும் இடத்தில் இரண்டு கையாலும் வளையுங்கள். ரப்பரில் முடி அளவு வெடிப்புத் தெரிந்தாலும் வைத்துவிடுங்கள், தண்ணீருக்கு அந்த வழி போதும். ரப்பரும் தோலும் சேரும் தையலை முழுச் சுற்றும் விரலால் தடவுங்கள். சோல் விளிம்பை நகத்தால் கீறிப் பாருங்கள். பாலியூரித்தேன் சோல்கள் வருடக்கணக்கில் சும்மா வைத்திருந்தாலே உள்ளுக்குள் இற்றுப்போகும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், நாலு நாள் நடந்ததும் உதிரும். பொடியாக உதிர்ந்தால் அதைத் தொடாதீர்கள். உள்ளே மூக்கை வைத்து முகர்ந்தும் பாருங்கள். பூஞ்சை வாடை லைனரில் என்றால் கழுவலாம், பூட்ஸிலேயே என்றால் போகாது.

ஊர்க்காரர்களையும் கேளுங்கள். ஒவ்வொரு பெரிய நகரத்திலும் தமிழ், மலையாளச் சபைகள் உண்டு, மாணவர் குழுக்கள் உண்டு. படிப்பு முடித்து வேறு ஊருக்குப் போகிறவர்கள் பூட்ஸையும் கோட்டையும் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். கூச்சப்படாமல் அளவைச் சொல்லி வையுங்கள்.

சாக்ஸ்

பருத்தி வேண்டாம். நம் ஊர் வேர்வைக்குப் பருத்தி அருமை, அங்கே அதுதான் ஆபத்து: ஈரத்தைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். கம்பளி, முடிந்தால் மெரினோ கம்பளி. காஸ்ட்கோவில் மூன்று, நாலு ஜோடி சேர்ந்த கட்டு மலிவாகக் கிடைக்கும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தடித்த சாக்ஸ் போட்டு பூட்ஸை இறுக்குவதைவிட ஒன்றே நல்லது. வேண்டுமானால் அடியில் ஒரு மெல்லிய நைலான் சாக்ஸ் சேர்த்துக்கொள்ளலாம். பையில் எப்போதும் உலர்ந்த ஒரு ஜோடி இருக்கட்டும்.

கால் மட்டும் குளிருகிறது என்று பூட்ஸைக் குற்றம் சொல்வதற்கு முன் தலையில் தொப்பி இருக்கிறதா, பேன்டுக்குள் தெர்மல் உள்ளாடை இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பு குளிர்ந்தால் நெஞ்சையும் வயிற்றையும் காக்க விரல்களுக்குப் போகும் ரத்தத்தை உடம்பே குறைத்துவிடும். அப்போது எந்த பூட்ஸும் உதவாது.

தினமும் செய்யவேண்டியது

வீட்டுக்கு வந்ததும் லைனரையும் இன்சோலையும் வெளியே எடுத்து வையுங்கள். நனையவே இல்லை என்று தோன்றினாலும் நாள் முழுக்க விட்ட வேர்வை உள்ளே இருக்கும். கழற்ற முடியாத பூட்ஸ் என்றால் பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணியுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஹீட்டரின் மேலேயே வைக்கக்கூடாது. தோல் வெடிக்கும், பசை விடும். பக்கத்தில், காற்றோட்டமாக இருந்தால் போதும். தோலில் வெள்ளைக் கோடாகத் தெரிவது சாலை உப்பு. வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்து ஈரத்துணியால் அன்றன்றே துடையுங்கள். விட்டால் தோலைத் தின்றுவிடும்.

விரல் மரத்தால்

வலித்துக்கொண்டிருந்த விரல் சட்டென்று வலிக்காமல் போனால் அது நல்லதற்கு இல்லை. உடனே உள்ளே போய்விடுங்கள், அருகில் எந்தக் கடையாக இருந்தாலும் சரி. உறைந்த தோல் வெளுக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நம் நிறத் தோலில் அந்த வெளுப்பு எளிதில் தெரியாது. சாம்பல் பூத்தது போலவோ மஞ்சளித்தோ, மெழுகு மாதிரி விறைத்தோ இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். தேய்க்கக்கூடாது, நெருப்பிலோ ஹீட்டரிலோ காட்டக்கூடாது. மரத்த தோல் வெந்தாலும் தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைக்கவேண்டும், முழங்கை பொறுக்கும் சூடு. மறுபடியும் குளிரில் நடந்துதான் போகவேண்டும் என்ற நிலை இருந்தால் அங்கே வைத்து உருக்க வேண்டாம். உருகி மறுபடி உறைந்தால் சேதம் அதிகம். உணர்ச்சி திரும்பவில்லை, கொப்புளம் வருகிறது என்றால் 911-ஐ அழையுங்கள் அல்லது நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர் எண் (விண்ட் சில்) மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கும். அன்று பஸ் வரும் நேரத்தைச் செல்போனில் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து இறங்குங்கள்.

ஏப்ரலில்

பனி போனதும் பூட்ஸை மூலையில் தள்ளிவிடாதீர்கள். உப்பைத் துடைத்து, லைனரைக் குளிர்ந்த நீரில் கையால் அலசி நிழலில் காயப்போட்டு, முழுக்க உலர்ந்த பிறகு உள்ளே தாள் திணித்து, காற்றுப் புகும் துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். செப்டம்பர் கடைசியில் எடுத்து, பழைய பூட்ஸைச் சோதித்த அதே முறையில் உங்களுடையதையும் வளைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லைனர் அமுங்கியிருந்தால் அதை மட்டும் அக்டோபருக்குள் மாற்றிவிடுங்கள். சோல் வழவழவென்று தேய்ந்திருந்தால் புது ஜோடிக்குக் காசு எடுத்து வையுங்கள்.